விண்டோஸ் பழுதுநீக்கம் பாதியில் நிற்கிறதா? அறிகுறி வாரியாகச் சில வழிகள்

திரையில் 20 சதவீதம் என்று இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு பார்த்தபோதும் 20 சதவீதம்தான். கை தானாகவே பவர் பட்டனை நோக்கிப் போகும். அதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். சரிசெய்து தரும்படி என்னிடம் வந்த வீட்டுக் கணினிகளில் பல, முதலில் வந்த பழுதால் கெட்டவை அல்ல. பழுதுநீக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ பொறுமை இழந்து அணைத்ததால் கெட்டவை.

சதவீதத்தைக் கடிகாரம்போல் நம்புவதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. மென்பொருள் தன் வேலையைப் படிகளாகப் பிரித்து, எத்தனை படி முடிந்தது என்று எண்ணிக் காட்டுகிறது. ஒரு படி இரண்டு நொடியில் முடியும்; அடுத்தது நாற்பது நிமிடம் எடுக்கும். இரண்டுக்கும் எண்ணிக்கையில் ஒரே மதிப்பு. ஆகவே எண் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கணினிக்கு உயிர் இருக்கிறதா என்று வேறு வழியில் பாருங்கள்.

அதற்கு மூன்று சோதனைகள் போதும். முதலாவது, கீபோர்டில் நம் லாக் அல்லது கேப்ஸ் லாக் பொத்தானைத் தட்டுங்கள். சிறு விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே இயங்குதளம் விழித்திருக்கிறது. எத்தனை முறை தட்டியும் விளக்கு அசையவில்லை என்றால் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது, கணினிப் பெட்டியில் உள்ள டிஸ்க் விளக்கு. அது ஒழுங்கில்லாமல் சிமிட்டினால் வேலை நடக்கிறது. அரை மணி நேரம் முழுவதும் இருட்டாகவே இருந்தாலோ, ஒரே சீராக எரிந்துகொண்டே இருந்தாலோ சந்தேகப்படலாம். மூன்றாவது, காது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பெட்டியில் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய உரசல் ஒலி நல்லது. 'டக்... டக்... டக்' என்று ஒரே தாளத்தில் தட்டினால் அந்த டிஸ்க் சாகப்போகிறது. பழுதுநீக்கத்தை மறந்துவிட்டு, கீழே டிரைவைச் சரிபார்ப்பது பற்றிய பகுதியின் கடைசிப் பத்திக்கு நேரே போய்விடுங்கள்.

மூன்று சோதனையும் உயிர் இருப்பதாகச் சொன்னால் காத்திருங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினிக்கு இரண்டு மணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளதற்கு ஓர் இரவு முழுவதும் என்பது என் கணக்கு. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கப் போங்கள்.

கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

கட்டளைச் சாளரத்தில் எண் நகரவில்லை

முதலில் சாளரத்தின் தலைப்பைப் பாருங்கள். அங்கே 'செலக்ட்' என்ற சொல் புதிதாக முளைத்திருக்கிறதா? அப்படியானால் பழுது எதுவும் இல்லை. கறுப்புச் சாளரத்துக்குள் தெரியாமல் மவுஸைக் கிளிக் செய்திருக்கிறீர்கள். எழுத்தைத் தேர்வு செய்யப்போகிறீர்கள் என்று நினைத்து, அந்தச் சாளரம் ஓடும் வேலையை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. எஸ்கேப் பொத்தானை ஒருமுறை தட்டினால் வேலை தொடரும்.

சிரிக்காதீர்கள். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். சாளரத்தை ஓரமாக நகர்த்தப்போய் நடுவில் கிளிக் செய்துவிட்டு, மூன்று மணி நேரம் 43 சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் வந்து எட்டிப் பார்த்து, "சித்தப்பா, மேலே 'செலக்ட்' என்று இருக்கிறதே, எதைத் தேர்வு செய்கிறீர்கள்?" என்று கேட்டாள். அதன் பிறகு பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சாளரத்தின் பண்புகளில் 'குவிக் எடிட்' என்பதை நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை திரும்பி வராது.

தலைப்பில் அப்படி எதுவும் இல்லையென்றால் எந்தக் கட்டளை ஓடுகிறது என்று பாருங்கள். 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்' (விண்டோஸ் கோப்புகளின் களஞ்சியத்தைச் செப்பனிடும் கட்டளை) என்றால், 20 சதவீதத்திலும் 62.3 சதவீதத்திலும் நெடுநேரம் நிற்பது அதன் வழக்கம். தொழில்முறையில் இதைச் செய்பவர்களுக்கு 62.3 என்பது பழைய நண்பனைப் போன்ற எண். அந்த நேரத்தில் அது கெட்டுப்போன கோப்புகளுக்கு மாற்றாக நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட்டிடமிருந்து வரவழைத்துக்கொண்டிருக்கலாம். இணையம் மெதுவாக இருந்தால் அதுவும் மெதுவாகத்தான் வரும்.

சந்தேகம் தீர டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஐவொர்க்கர், டிஸ்ம்ஹோஸ்ட் என்ற இரண்டு பெயர்களைத் தேடுங்கள். அவற்றுக்கு நேரே பிராசஸர் அளவோ டிஸ்க் அளவோ ஏறி இறங்கினால் வேலை நடக்கிறது. இன்னும் உறுதியான சாட்சி, விண்டோஸ் தன் வேலையை எழுதிவைக்கும் பதிவேடு (லாக்). விண்டோஸ் கோப்புறைக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்று போனால் 'சிபிஎஸ் டாட் லாக்' என்ற கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து கடைசி வரியில் உள்ள நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். நேரம் மாறியிருந்தால் எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். லாக்ஸ் கோப்புறையில் டிஸ்ம் கட்டளைக்கும் தனிப் பதிவேடு உண்டு. அதையும் இதேபோல் பார்க்கலாம்.

இரண்டு பதிவேட்டிலும் ஒரு மணி நேரமாக ஒரு வரிகூடச் சேரவில்லை என்றால் கன்ட்ரோல் பொத்தானோடு 'சி' எழுத்தைத் தட்டி நிறுத்துங்கள். பவர் பட்டன் வேண்டாம். கணினியை முறைப்படி ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று ஜிபி மட்டுமே மிச்சம் வைத்துக்கொண்டு பழுதுநீக்கம் ஏன் நகரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

இடமும் இருக்கிறது, மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது என்றால் இணையத்தை நம்பாமல் நல்ல கோப்புகளை நீங்களே கொடுத்துவிடுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் அதே பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவும் வட்டின் முழு நகல்) மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு டிரைவ் போலத் திறக்கும். அதில் 'சோர்ஸஸ்' கோப்புறைக்குள் 'இன்ஸ்டால்' என்ற பெரிய கோப்பு இருக்கும். டிஸ்ம் கட்டளையின் இறுதியில் '/சோர்ஸ்' என்று போட்டு அந்தக் கோப்பின் முகவரியைக் கொடுத்து, '/லிமிட்அக்செஸ்' என்றும் சேர்த்துவிட்டால் அது விண்டோஸ் அப்டேட் பக்கமே போகாது. அந்தக் கோப்புக்குள் ஹோம், புரோ என்று பல பதிப்புகள் வரிசை எண்ணோடு இருக்கும். உங்களுடையது எந்த எண் என்று '/கெட்-விம்இன்ஃபோ' கட்டளை காட்டும். எண்ணைத் தவறாகக் கொடுத்தால் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று சொல்லி நிற்கும்.

கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை மாற்றும் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' கட்டளையை இதற்குப் பிறகு ஓட்டுங்கள், முன்னால் அல்ல. எஸ்எஃப்சி நல்ல கோப்பை எடுப்பது கணினியிலேயே இருக்கும் களஞ்சியத்திலிருந்து. அந்தக் களஞ்சியத்தைச் செப்பனிடுவதுதான் டிஸ்ம் செய்யும் வேலை. களஞ்சியமே கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சியை எத்தனை முறை ஓட்டினாலும், சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை என்றுதான் சொல்லும்.

பழுதுநீக்கம் நிலுவையில் இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்கிறது; செய்தாலும் அதையே சொல்கிறது

பாதியில் அறுந்த ஓர் அப்டேட் தன் வேலைப் பட்டியலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அது தீராமல் எஸ்எஃப்சி தொடங்காது. மீட்புச் சூழலுக்குள், அதாவது விண்டோஸுக்கு வெளியே பழுதுபார்க்க உதவும் தனிச் சிறு சூழலுக்குள் போய் (எப்படி என்று கீழே சொல்கிறேன்) கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'டிஸ்ம் /இமேஜ்:சி:\ /கிளீனப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்ஷன்ஸ்' என்று கொடுங்கள். நிலுவை வேலைகள் ரத்தாகும். அந்த நிலுவைப் பட்டியல் உள்ள 'பெண்டிங் டாட் எக்ஸ்எம்எல்' கோப்பைக் கையால் அழித்துவிடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே சொன்ன கட்டளை பலிக்காதபோது, அதுவும் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். அங்கே சி என்பது வேறு ஏதோ ஒரு சிறு பார்ட்டிஷனாகவும் (டிஸ்கில் பிரித்து வைத்த பகுதி), உங்கள் விண்டோஸ் டி அல்லது இ எழுத்திலும் இருக்கக்கூடும். திரையில் முதலில் தெரியும் எக்ஸ் என்பது மீட்புச் சூழல் தனக்காக ரேமில் போட்டுக்கொண்ட தற்காலிக டிரைவ். 'டிஸ்க்பார்ட்' தட்டி, 'லிஸ்ட் வால்யூம்' என்று கேட்டு, கொள்ளளவைப் பார்த்து உங்களுடையதை அடையாளம் கண்டபின் கட்டளையைக் கொடுங்கள்.

கணினி தொடங்கும்போதே டிரைவைச் சரிபார்க்கிறது. 10, 11 சதவீதத்தில் நிற்கிறது

இது சி-எச்-கே-டி-எஸ்-கே என்று தட்டப்படும் செக்டிஸ்க். உண்மையிலேயே நேரம் எடுக்கும் வேலை. '/எஃப்' மட்டும் கொடுத்தால் கோப்பு அமைப்பின் கணக்கு வழக்குகளை மூன்று கட்டங்களில் சரிபார்க்கும். '/ஆர்' கொடுத்திருந்தால் ஐந்து கட்டம். கடைசி இரண்டு கட்டங்களில் டிஸ்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஒருமுறை படிக்க 10,000 நொடி, அதாவது ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம். இது பழுதே இல்லாத டிஸ்குக்கு. படிக்க முடியாத இடம் வந்தால் டிஸ்க் உடனே கைவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். ஒவ்வொரு கெட்ட இடத்துக்கும் சில நொடிகள் என்றால், அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும் டிஸ்கில் எண் நாள் முழுவதும் அசையாமல் நிற்பதில் வியப்பில்லை.

எனவே ஓர் இரவு விடுங்கள். காலையில் எண் ஒரு சதவீதமாவது ஏறியிருந்தால் இன்னும் விடுங்கள். அதே எண்தான், விளக்கும் அசையவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். மறுபடி தொடங்கும்போது, சோதனையைத் தவிர்க்க ஏதேனும் ஒரு பொத்தானைத் தட்டலாம் என்று சில நொடிகள் கெடு கொடுக்கும். தட்டி உள்ளே போய்விடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிக் காத்திருந்து தட்ட முடியாது என்றால் 'சி-எச்-கே-என்-டி-எஃப்-எஸ் /எக்ஸ் சி:' என்று கொடுத்தால், தொடங்கும்போது சி டிரைவைச் சோதிப்பது நிற்கும். இது நோயைத் தீர்க்காது. உங்கள் கோப்புகளை வெளியே எடுக்க அவகாசம் வாங்கித் தரும். அவ்வளவுதான்.

அந்த அவகாசத்தில் டிஸ்கின் ஸ்மார்ட் பதிவை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் போதும். இடம் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு துண்டுகள்), நிலுவையில் உள்ள செக்டர்கள் என்ற இரண்டு வரிகளும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். நிலுவை எண் ஒவ்வொரு நாளும் ஏறினால் செக்டிஸ்கை இனி அந்த டிஸ்கின் பக்கமே விடாதீர்கள். சாகும் டிஸ்கை மணிக்கணக்கில் சுரண்டிப் படிக்க வைப்பது அதன் சாவை விரைவுபடுத்தும். இந்த இரண்டும் பூஜ்ஜியமாக இருந்து, சிஆர்சி பிழை (தரவு வழியில் சிதைந்தது) எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது என்றால் மகிழ்ச்சியடையுங்கள். டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே உள்ள கேபிள் கெட்டிருக்கலாம். அதைக் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள், அல்லது மாற்றுங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே போகிறது என்றால், லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, 'டிடிரெஸ்க்யூ' என்ற மென்பொருளால் முழு டிஸ்கையும் வேறு டிஸ்குக்குப் படியெடுங்கள். நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். தட்டும் ஒலி கேட்கிற டிஸ்குக்கு இதுவும் வேண்டாம். அதில் இருப்பது விலை மதிப்பற்றது என்றால் அணைத்து வைத்துவிட்டுத் தரவு மீட்புத் தொழில் செய்பவரிடம் கொடுங்கள்.

'தானியங்கிப் பழுதுநீக்கம் தயாராகிறது' என்று வந்து, கறுப்புத் திரையாகி, மறுபடி அதே வரி

விண்டோஸ் தொடர்ந்து இருமுறை தொடங்கத் தவறினால் தானாகவே மீட்புச் சூழலுக்குள் நுழையப் பார்க்கும். அங்கேயும் பழுதைக் கண்டுபிடிக்க முடியாமல் வெளியே வந்து, மறுபடி தொடங்கத் தவறி, மறுபடி உள்ளே போவதுதான் இந்தச் செக்குமாட்டுச் சுற்று.

கணினியோடு ஒட்டியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க் அனைத்தையும் முதலில் கழற்றுங்கள். கீபோர்டும் மவுஸும் மட்டும் போதும். மேம்பட்ட தேர்வுகள் என்ற நீலத் திரை வரை போக முடிந்தால், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் தேர்வை முதலில் முயலுங்கள். அடுத்தது சிஸ்டம் ரெஸ்டோர். ரெஸ்டோர், ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) திரும்ப எழுதும் கட்டத்தில் நெடுநேரம் அமைதியாக இருக்கும். அந்த இடத்தில் அணைத்தால் மீள்வது கடினம்.

நீலத் திரையே வரவில்லை என்றால், வேறொரு கணினியில் குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில் விண்டோஸ் நிறுவும் வட்டைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்கி, நிறுவு என்பதைத் தொடாமல் 'பழுதுபார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்கில் உள்ள மீட்புச் சூழல் கெட்டிருந்தாலும் இது வேலை செய்யும்.

இனி எந்தக் கட்டளையையும் கொடுப்பதற்கு முன் கோப்புகளை எடுத்துவிடுங்கள். கட்டளைச் சாளரத்தில் 'நோட்பேட்' என்று தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு குட்டிக் கோப்பு மேலாளர் கிடைத்துவிட்டது! புகைப்படக் கோப்புறையில் வலது கிளிக் செய்து காப்பி எடுத்து, வெளி டிரைவில் பேஸ்ட் செய்யலாம். ஆனால் எவ்வளவு முடிந்தது என்று காட்டாது; நோட்பேட் உறைந்ததுபோல் இருக்கும். வெளி டிரைவின் விளக்கு சிமிட்டும்வரை கை வைக்காதீர்கள்.

நிறையக் கோப்புகள் என்றால் 'ரோபோகாப்பி' வசதி. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. படிக்க முடியாத கோப்பு வந்தால், வேறு எதுவும் சொல்லாத நிலையில் அது 30 நொடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயலும். கிட்டத்தட்ட ஓர் ஆண்டு அதே கோப்பிலேயே நிற்கும். கட்டளையின் கடைசியில் '/ஆர்:1 /டபிள்யூ:1' சேர்த்தால் ஒருமுறை மட்டும் திரும்ப முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

பிறகு காரணத்தைத் தேடலாம். உங்கள் விண்டோஸ் டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, லாக்ஃபைல்ஸ், எஸ்ஆர்டி என்று உள்ளே போனால் 'எஸ்ஆர்டி-டிரெயில்' என்ற உரைக் கோப்பு இருக்கும். தானியங்கிப் பழுதுநீக்கம் எதையெல்லாம் சோதித்தது, எதில் இடறியது என்பதை அதில் எழுதி வைத்திருக்கும். கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ஒரு டிரைவரின் பெயரோ, பூட் கோப்பின் பெயரோ இருக்கும். பூட் கோப்பு என்றால் 'பிசிடிபூட்' கட்டளையால் புதிதாக எழுதலாம். பழைய பாணி 'பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்' யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் புதிய முறை) உள்ள கணினிகளில் அனுமதி இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது சகஜம். அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இணையத்தில் உலவும் ஓர் அறிவுரையிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: 'ரெக்பேக்' கோப்புறையிலிருந்து ரெஜிஸ்ட்ரி கோப்புகளை எடுத்து மூலக் கோப்புகளின் மேல் எழுதிவிடு என்பது அது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தக் கோப்புறைக்கு விண்டோஸ் தானாக நகல் எடுப்பதில்லை. அங்கே இருக்கும் கோப்புகளின் அளவு பூஜ்ஜியம். நல்லதோ கெட்டதோ, இருக்கும் ரெஜிஸ்ட்ரியின் மேல் வெற்றுக் கோப்பை எழுதினால் அதோடு கதை முடிந்தது. பழைய அறிவுரை சாவதே இல்லை.

மீட்புத் திரை வந்துவிட்டது. கீபோர்டும் மவுஸும் அசையவில்லை

கணினி உறையவில்லை, உள்ளீடுதான் போய்ச் சேரவில்லை. யுஎஸ்பி துளையை மாற்றிப் பாருங்கள். நீல நிறத்தில் இல்லாத பழைய துளை இருந்தால் அதில் செருகுங்கள். 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட் இதே கோளாறைக் கொண்டுவந்தது: விண்டோஸுக்குள் எல்லாம் சரியாக இருக்கும், மீட்புச் சூழலுக்குள் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும். ஆறு நாளில், அக்டோபர் 20 அன்று, மைக்ரோசாஃப்ட் தனி அப்டேட் ஒன்றை வெளியிட்டு அதைச் சரிசெய்தது. அந்த இடைவெளியில் நின்றுபோன கணினி என்றால், மேலே சொன்ன பென் டிரைவிலிருந்து தொடங்குவதே வழி.

48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கிறது

டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. இதைச் சுற்றிப்போக வழி கிடையாது. இருப்பதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். கணினியை முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கருவியிலிருந்து நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளும் கணக்கில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்தபின் தட்டுங்கள்.

'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது, கணினியை அணைக்காதீர்கள்'

இங்கே சொன்னபடி கேளுங்கள். அப்டேட் தோற்று, போட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்னே போனதைவிடத் திரும்பி வர அதிக நேரம் எடுப்பது உண்டு. மீண்டு வந்தபின் அதே அப்டேட்டை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டாம். காரணம் வேறு எங்கோ இருக்கும்.

2024 ஜனவரியில் வந்த கேபி5034441 ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி எண்ணற்ற வீட்டுக் கணினிகளில் அது திரும்பத் திரும்பத் தோற்றது. விண்டோஸில் குறையே இல்லை. மீட்புப் பார்ட்டிஷனில் அதற்கு 250 எம்பி காலி இடம் தேவைப்பட்டது. பல கணினிகளில் அந்த இடம் இல்லை. இதைக் கண்டுபிடிக்காமல் டிஸ்ம், எஸ்எஃப்சி என்று இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

டெஸ்க்டாப் வரை போக முடிகிறது, ஆனால் எந்தப் பழுதுநீக்கமும் முடிவடையவில்லை

இந்த நிலையில் நான் கட்டளைகளோடு மேலும் போராடுவதில்லை. ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்து, அதில் உள்ள செட்டப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்துவிடுவேன். இயங்குதளம் முழுவதும் புதிதாக எழுதப்படும், உங்கள் பொருள்கள் அப்படியே இருக்கும். மொழியும் பதிப்பும் ஏற்கெனவே உள்ளதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 'வைத்துக்கொள்' என்ற தேர்வு மங்கலாகிவிடும். வேறு வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

'இந்தக் கணினியை ரீசெட் செய்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரீசெட்டில் கோப்புகளை வைத்துக்கொள்ளச் சொன்னாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். ரீசெட் பாதியில் நின்று, விளக்கும் செத்து, ஓர் இரவும் கடந்துவிட்டால் அணைத்துவிட்டுப் பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவதுதான் மிச்சம். விண்டோஸ் 10 என்றால் 2025 அக்டோபர் 14 அன்றே அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கணினி தாங்கும் என்றால் அந்தப் பென் டிரைவில் 11-ஐப் போட்டு வையுங்கள். நிறுவும்போது எந்த டிஸ்க் என்று கேட்கும் திரையில், கோப்புகளை எடுத்து வைத்த வெளி டிரைவ் பட்டியலில் தெரிந்தால், முதலில் அதைக் கழற்றுங்கள்.